கடலில்லாத நாட்டிலிருந்து வந்த பங்காளிகள்

நுக்குலோவா தீவு,
வியாழக்கிழமை, விமானம் வருவதற்கு முன்.

சூவா துறைமுகக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வை பார்த்து, மூட்டுவலியுடன் ஓய்வுபெற்ற என் மூத்தவர் விலிகேசா அண்ணன் அவர்களின் முன்னால், தங்கள் தலைக்கு மேல் என் தலை உயராதபடி பாயில் குனிந்து உட்கார்ந்து, மூன்று முறை கைதட்டி, தம்பி அமினியாசி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதுவது முறை. எழுதிவிட்டேன். ஆனால் அதை நம்பிவிட வேண்டாம்.

ஆண்டவர் கிருபையால் இந்த வருடம் ஈரப்பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. அப்பா கட்டிய வீட்டின் கூரை புயலுக்கெல்லாம் தாக்குப்பிடித்து, காற்றே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை தானாக இறங்கிவிட்டது. லொசெனா சுகம், தினமும் என்னைத் திட்டுகிறாள். மகன் இசிகேலி சாப்பிடுகிறான், தூங்குகிறான், கூப்பிட்டால் மட்டும் கடல் பக்கம் பார்த்து "என்ன?" என்கிறான். காரணம் தாங்கள் அறிந்ததே. காரணம் எதிர்த்தீவில் இருக்கிறது, பெயர் அகனிசி.

காரியத்துக்கு வருகிறேன். அண்ணா, நம் வீட்டுத் திமிங்கலப் பல் போய்விட்டது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசி, கயிறு கட்டி, நான்கு தலைமுறையாகப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய அந்தப் பல்லேதான். அதை எடுத்துக்கொண்டுதான் அடுத்த வாரம் சனிக்கிழமை நான் எதிர்த்தீவுக்குப் போய், அகனிசியின் அப்பா அபிசாயின் முன்னால் வைத்து, நம் பையனுக்குப் பெண் கேட்க வேண்டும். மூன்றாம் தடவையாக. முதல் இரண்டு தடவையும் அவர் பல்லைத் தொடாமலே திருப்பிவிட்டார் என்பது தங்களுக்குத் தெரியும். மூன்றாம் தடவையும் தள்ளிவிட்டால், அப்புறம் அந்த வாசலில் நாம் எந்தப் பல்லையும் வைக்க முடியாது. பெண்ணை லபாசாவிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பி, கரும்பு லாரி ஓட்டும் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவதாக அபிசாய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அவருக்கு என் மேல் என்ன கோபம் என்று தாங்கள் கேட்கலாம். கேட்க மாட்டீர்கள், தாங்களும் அந்தச் சாவுக்கு வந்திருந்தீர்கள். அவருடைய அம்மா தவறியபோது, இந்தத் தீவின் ஊர்ப்பேச்சாளன் என்ற முறையில் நான் மூன்று மணி பத்து நிமிடம் பேசினேன். நல்ல பேச்சு அண்ணா, அதை இப்போதும் சொல்வேன். மழை வரும் என்று எனக்குத் தெரியாது. குழி அடுப்பிலிருந்த பன்றி கரியாகும் என்றும் தெரியாது. எல்லாக் கிளைகளையும், எல்லா ஊர்களையும், அங்கே இல்லாதவர்களையும்கூட விடாமல் சொன்னேன். செத்தவளின் பெயரைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன். யாருடைய சாவு என்பது கடைசிவரை என் பேச்சிலிருந்து தெரியவில்லையாம். அன்றைக்கு மழையில் நனைந்தபடி அபிசாய் சொன்னார், "இந்த ஆளு வாயைத் திறந்து எதைக் கேட்டாலும் சரி, எங்க வீட்ல பச்சத்தண்ணி கிடையாது" என்று.

இந்தத் தடவை அப்படி நடக்காது என்று தினமும் மூன்று வேளை ஈரப்பலா மரத்தடியில் நின்று புதுப் பேச்சைப் பழகிக்கொண்டிருக்கிறேன். சுருக்கிச் சுருக்கி இரண்டரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். லொசெனாதான் இடையில் வந்து, "வேற யாராவது போய்க் கேக்கட்டுமே. உங்களப் பாத்தாத்தானே அவருக்கு மழை ஞாபகம் வருது?" என்றாள். எனக்கு எப்படி இருக்கும்? ஊர்ப்பேச்சாளன் உயிரோடும் நாக்கோடும் இருக்கும்போது அந்தப் பல்லை வேறொருவன் தூக்கிக்கொண்டு போவதா? வழக்கமே அதை ஒப்பாது. சொன்னேன். அவள் மறுபேச்சு பேசாமல் சேப்பங்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வாள், நல்ல பெண்.

இப்படி இருக்கையில்தான் போன வாரம் திங்கட்கிழமை நம் வளைகுடாவில் ஒரு பாய்மரப் படகு வந்து நங்கூரம் போட்டது. புருஷன் பெஞ்சாதி இரண்டே பேர். புருஷன் பெயர் லுபோர். ஆறே முக்கால் அடி. பெஞ்சாதி பெயர் ஸ்தெங்கா, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவளாம். முறை தெரிந்தவர்கள்தான், குறை சொல்லக் கூடாது. இடுப்பில் நம் சூலு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யாங்கோனா வேர்க்கட்டு எடுத்துக்கொண்டு, நம் தலைவர் ராத்து செமேசாவிடம் அனுமதி கேட்க வந்தார்கள். நான்தான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேச்சை நடத்தினேன். ஆங்கிலம் அவருக்கும் எனக்கும் ஒரே அளவு வராது என்பதால் நன்றாகப் புரிந்தது. உள்ளே வரும்போது லுபோர் வாசல் விட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். வேர்க்கட்டை வைக்க எழுந்தபோது இன்னொரு தடவை இடித்தார். மூன்றாம் தடவையும் இடிக்கவே, அது அவர்கள் நாட்டு மரியாதை போலிருக்கிறது என்று தலைவர் எண்ணிவிட்டார். அன்றைக்கு வெளியே போகும்போது நம் ஆண்கள் இருபது பேரும் விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று வரிசையாக விட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு போனோம். எனக்கு இன்னும் வீக்கம் வற்றவில்லை.

தலைவர் வழக்கம்போல் விசாரித்தார். "எந்தக் கடலோரம் உங்க ஊரு?"

"எங்க செக் நாட்டுல கடலே கிடையாதுங்க" என்றார் லுபோர்.

தலைவர் என் காதருகே குனிந்து, "ஏம்ப்பா அமினி, கடலில்லாத நாட்லேர்ந்து படகு எப்படிப்பா வரும்? புளுகறானா, இல்ல பாவம் வழி தப்பிட்டானா?" என்றார்.

"வழிதான் தப்பியிருக்கணும் ஐயா. ரொம்ப தூரம் தப்பிட்டான்."

"அப்ப அங்க மீனுக்கு என்ன பண்ணுவாங்களாம்?"

இதை நான் கேட்டிருக்கவே கூடாது. கேட்டேன். ஸ்தெங்கா சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு குளத்து மீனை உயிரோட வாங்கிட்டு வந்து குளிக்கிற தொட்டியில விடுவோம். மூணு நாள் வீட்ல யாரும் குளிக்க மாட்டோம். புள்ளைங்க அதுக்குப் பேரு வைக்கும், பாட்டுப் பாடும். அப்புறம் வெட்ட மனசு வராம எங்கப்பா அதை வாளியில தூக்கிட்டுப் போய் ஆத்துல விட்டுட்டு வருவாரு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது அண்ணா! நம் மூதாதை யார்? கடலிலிருந்து மலைமேல் ஏறி, நன்னீர்க் குட்டையில் மூன்று நாள் கிடந்து, மனிதனாக எழுந்து வந்த மீன். அந்தக் குட்டையில் இன்றுவரை யாராவது குளிக்கிறோமா? இவர்கள் வீட்டில் தொட்டி, நம் வீட்டில் குட்டை. மூன்று நாளும் பொருந்துகிறது. கொல்லவில்லை, பெயர் வைக்கிறார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்? நான் துள்ளி எழுந்து, தலைவரைவிட என் தலை உயர்ந்துவிட்டதுகூடத் தெரியாமல், "ஐயா, இவங்க அந்நியர் இல்ல! ஒரே மீனோட புள்ளைங்க! நமக்குத் தௌவு!" என்று கத்திவிட்டேன். ஊரே கைதட்டியது. வாளியில் தூக்கிக்கொண்டு போன கிளையைப் பற்றி நமக்கு இத்தனை நாளாகத் தகவல் இல்லாததற்குத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

தௌவு என்றால் என்ன என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பேச்சாளன் என்பதால் சொல்கிறேன். ஒரே மூதாதைக்குப் பிறந்த இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். எடுத்தவனை ஏன் என்று கேட்கக் கூடாது. முகம் சுளித்தால்கூட மானம் போய்விடும். நமக்குத் தௌவாக இருந்த ஒரே ஊர்க்காரர்களும் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய்விட்டதால், பத்து வருடமாக எங்களை ஏச ஆளில்லாமல் கிடந்தோம். இதையெல்லாம் லுபோருக்கும் ஸ்தெங்காவுக்கும் ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். ஸ்தெங்கா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். லொசெனாகூட அன்றைக்கு அதிசயமாகக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள்.

மறுநாள் அவர்கள் பயந்து பயந்து ஒரே ஒரு பப்பாளிப் பழத்தை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக அதே இடத்தில் ஒரு பாட்டில் ஜாம் வைத்துவிட்டுப் போனார்கள். ஊர் கொதித்துவிட்டது. "எடுத்ததுக்குப் பதில் வைக்கறது அசலூர்க்காரன் செய்யற வேலை. நம்மள அசலூராக்கிட்டானே!" என்று தலைவர் சாப்பிடவில்லை. சரி, பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை, நாம்தான் செய்து காட்ட வேண்டும் என்று எல்லோரும் தோணிகளில் படகுக்குப் போனோம். பாடகர் குழு பெரிய பாயை அவிழ்த்துக்கொண்டு வந்து கோயில் முற்றத்துக்குப் பந்தலாகக் கட்டியது. லொசெனா குக்கரை எடுத்தாள். தலைவர் படகின் ஏணியை எடுத்தார், அதனால் நாங்கள் எல்லோரும் தண்ணீரில் குதித்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது. நான் ஒரு மரியாதைக்குத் திசைகாட்டியை மட்டும் எடுத்தேன். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம்தான் காட்டுகிறது, ஆனாலும் பார்க்க அழகாக இருக்கிறது.

அதன் பிறகு அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது அண்ணா. பிடிபட்டதும் நிறுத்தத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தலைவர் உட்காரப் போகிற சமயம் பார்த்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள். தரையில் விழுந்த தலைவர் எழுந்திருக்காமலே சிரித்தார். சனிக்கிழமை என் பன்றியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அது சாயங்காலம் தானே நீந்தி வந்துவிட்டது, கழுத்தில் பூமாலையோடு. ஞாயிற்றுக்கிழமை கோயில் மரமுரசையே காணோம். முரசு அடிக்காததால் ஆராதனை எப்போது தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, அவரவர் பசிக்குத் தகுந்தபடி வந்தார்கள். போதகர் பிரசங்கத்தைப் பிரித்துப் பார்த்தால் முதல் தாளைத் தவிர மற்றதெல்லாம் போயிருந்தது. பத்தே நிமிடத்தில் "ஆமென்" சொன்னார். அன்றைக்கு ஊர்ப் பெண்கள் ஸ்தெங்காவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிரசங்கம் நீளமாக இருப்பதில் இவர்களுக்கு என்ன கஷ்டமோ, எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை முற்றத்துப் பந்தலாகக் கட்டியிருந்த படகுப் பாயையும் அவிழ்த்து எடுத்துப் போனார்கள்.

ஏசவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் பாஷையிலேயே லுபோர் தலைவரைப் பார்த்து, "ஏ கிழட்டு ஆமை! ஊர்ல இருக்கற கிழங்கெல்லாம் உன் வயித்துலதானே கிடக்கு?" என்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து வருசமாச்சுய்யா, என்னை ஒருத்தன் ஒழுங்கா ஏசி" என்று லுபோரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, நேற்றுக் காலைவரை. எண்ணெய் பூசலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கயிற்றின் தடம் மட்டும்தான் இருந்தது. வெளியே ஓடி வந்தால் வளைகுடாவில் படகும் இல்லை. "லொசெனா!" என்று கத்தினேன். அவள் அடுப்படியிலிருந்தே, "ஸ்தெங்கா வந்தா, பெட்டியத் தொறந்தா, எடுத்தா, போனா" என்றாள்.

"நீ பாத்துக்கிட்டு சும்மாவா இருந்தே?"

"தௌவாச்சே. முகம் சுளிக்கக் கூடாதுன்னு நீங்கதானே ஒன்றரை மணி நேரம் சொன்னீங்க? நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப நீங்களும் சிரிங்க, பக்கத்து வீட்ல பாக்கறாங்க."

சிரித்தேன் அண்ணா. என்னால் முடிந்தவரை சிரித்தேன். இன்னும் தாடை வலிக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? போலீசில் சொன்னால், தௌவு எடுத்ததற்குப் புகார் கொடுத்தவன் என்று ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். அவர்களைத் தௌவு ஆக்கியவனும் நானே. மலைமேல் ஏறிப் பார்த்தேன், ஒரு பாயும் கண்ணில் படவில்லை. இந்நேரம் தொங்கா நாட்டையே தாண்டியிருப்பார்கள். கடலே பார்க்காத நாட்டில், ஏதோ ஒரு குளியல் தொட்டிக்கு மேலே, நம் பல் தொங்கப்போகிறது.

ராத்திரி சாப்பிடும்போது இசிகேலி கேட்டான், "அப்பா, பல்லுக்கு எண்ணெய் பூசியாச்சா?" என்று. "ஊறுது" என்றேன். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, "இந்தத் தடவை ஒத்துக்குவாரு இல்லப்பா?" என்று என் முகத்தையே பார்த்தான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்பன் வாயால் ஒரு தடவை கெட்டது, மறுபடியும் அப்பன் வாயாலேயே கெட்டுவிட்டது. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இதைத் தங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

ஆகையால் அண்ணா, காலைப் பிடித்துக் கேட்கிறேன். தங்கள் வீட்டுக் கூடத்தில், ரேடியோவுக்கு மேலே ஆணியில் ஒரு பல் தொங்குகிறதல்லவா, அதைத் துணியில் சுற்றி அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் அனுப்பிவையுங்கள். அண்ணி மறுத்தால் சொல்லுங்கள், நான் போனில் பேசிக்கொள்கிறேன், அரை மணி நேரம் போதும். தாங்கள் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். வந்தால் ஏன் வந்தீர்கள் என்று ஊரில் கேட்பார்கள். லொசெனாவுக்கும் இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் பாவம், காலையிலிருந்து ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு சமைக்கிறாள். பல் போனதன் பயங்கரம் அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

தங்கள் முழங்கால் குணமாகவும், அண்ணியின் கோழிகள் பெருகவும், பேரப்பிள்ளைகள் தங்களைப் போல வளர்ந்து என்னைப் போலப் பேசவும் நம் ஆண்டவரும் அவருக்கு முன்னால் இங்கே இருந்த மீனும் அருள் புரியட்டும்.

மறுபடியும் மூன்று முறை கைதட்டி,
தங்கள் தம்பி,
அமினியாசி
(ஊர்ப்பேச்சாளன், இப்போதைக்கு)

பின்குறிப்பு: பெரியத்தானுக்கு லொசெனா எழுதறது. லெட்டரை விமானத் திடலுக்குக் கொண்டுபோறது நான்தானே, உறையை ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். பல்லை அனுப்ப வேண்டாம், ஆணியிலயே இருக்கட்டும்.

ஸ்தெங்காகிட்ட பெட்டியக் காட்டி எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னதே நான்தான். ஊர்ப்பேச்சாளன் உசிரோட இருக்கையில வேற யாரும் அந்தப் பல்லைத் தொடக் கூடாது. தௌவு தொட்டா யாரும் கேக்கக் கூடாது. உங்க தம்பி பேசின பேச்சுலயே எனக்கு உபயோகமா இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். நேத்து காலையிலயே ரெண்டு பேரும் படகை எதிர்த்தீவுக்கு விட்டாங்க. லுபோர் அபிசாய் முன்னாடி உக்காந்து பல்லை வச்சு, நான் சொல்லிக் குடுத்த மாதிரி, "இசிகேலிக்கு அகனிசியைக் கேட்டு வந்திருக்கோம்"னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டாராம். அபிசாய் அவருக்குப் பின்னாடி எட்டிப் பாத்து, "பேசறவன் எங்க?"ன்னு கேட்டிருக்காரு. வரலைன்னு சொன்னாங்களாம். "படகுக்குள்ள இருக்கானா?" இல்லையாம். "சத்தியமா?" சத்தியமா. உடனே பல்லைத் தொட்டு எடுத்துக்கிட்டு, மூணு தடவை கையும் தட்டிட்டாரு. அகனிசி சமையல் பாத்திரத்தைக் கீழ போட்டுட்டு அழுதாளாம். கல்யாணத்துக்கு அக்காவைக் கூட்டிக்கிட்டு நீங்க கட்டாயம் வரணும்.

இன்னிக்கிக் காலையில படகு திரும்பி வந்து முனைக்கு அந்தப் பக்கம் நிக்குது. மாப்பிள்ளையைப் பாக்கணும்னு அபிசாயும் அதுலயே வந்துட்டாரு. கொல்லைப் பக்கமாக் கூட்டிட்டு வந்து அடுப்படியில உக்கார வச்சு, இசிகேலிகிட்டயும் சொல்லிட்டேன். அவன் தலைகால் புரியாம வெறகு பொளக்கறான். உங்க தம்பிக்கு மட்டும் இன்னும் தெரியாது. லெட்டரை என்கிட்ட குடுத்துட்டு நேரா ஈரப்பலா மரத்தடிக்குப் போயிட்டாரு. பல்லு இல்லாட்டியும் பழகற வேளைக்குப் பழகணுமே. அந்த மரத்தையே அபிசாயா நெனச்சு, "உங்கம்மாவுக்காகப் பேச வந்துட்டு என் பெருமைக்காகப் பேசினேன், உங்களை மழையில நனைய வச்சேன், எம் மேல இருக்கற கோபத்தை எம்புள்ள மேல காட்டாதீங்க"ன்னு சொல்லிச் சொல்லி அழறாரு. அடுப்படிக்கு எல்லாம் கேக்குது. ஒன்றரை மணி நேரமாகுது. விமானச் சத்தம் வேற வந்துருச்சு. "நான் போய் விஷயத்தச் சொல்லி நிறுத்தட்டுமாண்ணா?"ன்னு அபிசாயைக் கேட்டேன். அவரு கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "வேணாம்மா. நீ ஓடு. முழுசாப் பேசட்டும்"னுட்டாரு.